நடுவானத்துல நின்ன மகள்

ஜெயிச்சது நான்தாங்க. அதுல உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். பந்தயம் கட்டினது என் சம்சாரம், ஜெயிச்சது நான், தீர்ப்பு சொன்னது கீழ்வீட்டு தபால்காரர். அப்புறம் ஏன்யா ஜன்னலோர மூலையை விட்டுட்டு இங்க வாசப்படி பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன்னு கேட்டீங்க பாருங்க, அதைக் கொஞ்சம் விவரமாத்தான் சொல்லணும்.

எங்க ஹால்ல ஜன்னல் ஒண்ணுதான். வெளிச்சம் விழற மூலையும் ஒண்ணுதான். அந்த மூலையில பதினொரு வருஷமா என் கம்ப்யூட்டர். அதுக்கு முன்னாடி என் நாற்காலி. நாற்காலியில நான். எடைமேடையில எனக்குக் காலை ஷிப்ட். லாரி ஏறும், இறங்கும், நான் எடையைப் பார்த்துச் சீட்டு எழுதணும். மூணு மணிக்கு வீடு திரும்பினா அந்த மூலையில உட்கார்ந்து ஏதாவது படம் பார்ப்பேன். வாழ்க்கையில நான் வெச்சுக்கிட்ட ஆடம்பரம் அது ஒண்ணுதான்.

சம்சாரம் வீட்டுலயே தையல் வேலை பார்க்குறா. அவ மெஷின் இருந்தது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவுல ஒரு இடுக்குல. பட்டப்பகல்லயும் லைட் போட்டாத்தான் ஊசி எங்கன்னு தெரியும். கறுப்புத் துணியில கறுப்பு நூல் விழுந்தா கையால தடவித்தான் தைக்க வேண்டியிருக்குன்னு சொல்லுவா. "அதான் உன் கைத்திறமை"ன்னு பாராட்டிட்டு நான் நகர்ந்துடுவேன். பாராட்டுக்கு மயங்கற ஆளு இல்ல அவ. இருந்தாலும் பாராட்டுக்குச் செலவு இல்லையே.

இப்படிப் போயிட்டிருந்தப்போ மகள்கிட்ட இருந்து ஒரு கவர் வந்துச்சு. வெளியூர்ல விடுதியில தங்கிப் படிக்கிறா. காலேஜ் நீச்சல் போட்டியில கலந்துக்கிட்டாளாம். அதை அவங்க கோச் நல்ல கேமராவுல எடுத்து, ஒரு பென் டிரைவ்ல போட்டுக் கொடுத்திருக்கார். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "ரிசல்ட்டை நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பேரும் சேர்ந்து கண்ணால பாருங்க. போன் பண்ணி நச்சரிக்கக் கூடாது."

பென் டிரைவைச் சொருகினேன். சம்சாரம் பக்கத்துல முக்காலி போட்டு உட்கார்ந்தா. எட்டுப் பொண்ணுங்க வரிசையா நிக்கிறாங்க. நாலாவது எங்க பொண்ணு. விசில் ஊதியாச்சு. குதிச்சா.

குதிச்சவ தண்ணியில விழல. நடுவானத்துல நின்னுட்டா. கையை நீட்டி, காலைச் சேர்த்து, தண்ணிக்கு ஒரு முழம் மேல. சத்தம் மட்டும் அதுபாட்டுக்கு ஓடுது. கூட்டம் கத்துது, தண்ணி அடிபடுது, யாரோ ஜெயிச்சுட்டாங்க போல, கைதட்டறாங்க. எங்க பொண்ணு மட்டும் இன்னும் கீழ இறங்கல. கடைசியில படம் ஒரு தாவு தாவிச்சு பாருங்க, குளத்துல ஒரு ஈ காக்கா இல்ல. ஒரு ஆள் கயிறு சுருட்டிக்கிட்டிருந்தார்.

சம்சாரம் என்னைத் திரும்பிப் பார்த்தா. இந்தப் பொட்டியைப் பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுட்டு வாங்கன்னா. நான் விடுவேனா. பொட்டி மேல தப்பே இல்ல, வீடியோதான் ரொம்ப உசத்தி, ஹெச்டி, சைக்கிள் போற பாலத்துல அறுபது டன் லாரி ஏறின மாதிரின்னு விளக்கினேன்.

"அப்ப பாலத்தைப் பலப்படுத்துங்க."

"பலப்படுத்தினா?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணி. அதுக்குள்ள எம்பொண்ணு தண்ணியில விழணும், நீந்தணும், கரையேறணும். நடுவுல ஒரு இடத்துலயும் நிக்கப்படாது. ஓடிச்சுன்னா மூலை கம்ப்யூட்டருக்கே. ஓடலைன்னா பொட்டி வெளிய, என் மெஷின் உள்ள. தபால்காரண்ணன் தீர்ப்பு சொல்லட்டும்."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு சரின்னேன். அன்னிக்குத் திங்கக்கிழமை. ஆறு நாள் கையில இருக்கு. ராத்திரிப் பள்ளிக்கூடத்துல எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன் நான். படிச்சப்போ பாதி வகுப்பு தூங்கினேன்னு வெச்சுக்கோங்க, மீதிப் பாதி ஞாபகம் இருந்துச்சு.

செவ்வாய்க்கிழமை பக்கத்து மூடியைக் கழட்டினேன். உள்ள கம்ப்யூட்டர் தெரியல. பஞ்சு மெத்தை மாதிரி தூசி. ஊதினேன். ஹால்ல அஞ்சு நிமிஷத்துக்குப் பனிமூட்டம். சம்சாரம் துணியையெல்லாம் போர்வை போட்டு மூடிட்டு, துடைப்பத்தை என் கையில கொடுத்தா. அப்புறம் கடைத்தெருவுல ஒருத்தர் இருக்கார், பழைய கம்ப்யூட்டரைப் பிரிச்சு உறுப்பு உறுப்பா விக்கிறவர், நாங்க வைத்தியர்னு கூப்பிடுவோம். அவர்கிட்ட போய் நோயைச் சொன்னேன். ஞாபக சக்தி கம்மின்னார். ராம் ரெண்டு துண்டு கொடுத்தார். போட்டேன். மகள் முன்னைவிட அரை முழம் கீழ வந்து நின்னா.

"முன்னேற்றம்தான்," நான் சொன்னேன்.

"இந்த வேகத்துல போனா அவ கல்யாணத்துக்குள்ள தண்ணியைத் தொட்டுருவா," அவ சொன்னா.

வியாழக்கிழமை பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டின்னு வேகமான புது வகை டிஸ்க் போட்டேன். அடடா, அந்த சுகத்தை என்னன்னு சொல்ல. முன்னாடியெல்லாம் ஸ்விட்ச்சைப் போட்டுட்டுக் குளிச்சு, தலை துவட்டிட்டு வந்தாலும் திரை வந்திருக்காது. இப்போ விரலை எடுக்கறதுக்குள்ள வந்துடுச்சு. எனக்குக் கால் தரையில நிக்கல. கீழ்வீட்டுக்கு ஓடிப்போய் தபால்காரரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, ஆன் பண்ணிக் காட்டினேன், ஆஃப் பண்ணிக் காட்டினேன், மறுபடி ஆன் பண்ணிக் காட்டினேன். அவரும் நல்ல மனுஷன், மூணு தடவையும் ஆச்சரியப்பட்டார். வீடியோவைப் போட்டா? சீக்கிரமா ஆரம்பிச்சு, சீக்கிரமா நின்னுச்சு.

வைத்தியர் கடைசி மருந்தைச் சொன்னார். கிராபிக்ஸ் கார்டு. வீடியோவை இழுக்கறதுக்குன்னே தனியா ஒரு எஞ்சின் வெச்ச அட்டை. சனிக்கிழமை வாங்கிட்டு வந்தா, அட்டை பொட்டியைவிட ரெண்டு விரக்கடை நீளம். அரத்தை எடுத்து உள்ள இருந்த தகரத்தை ராவினேன். சம்சாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டிருந்தா. ஒருவழியா அட்டை உட்கார்ந்துச்சு. ஸ்விட்ச்சைப் போட்டேன். 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான், மொத்தமும் அணைஞ்சு போச்சு. கரண்ட் பத்தலையாம். மறுபடி கடைக்கு ஓட்டம். பெரிய பவர் சப்ளை வாங்கி வந்து மாட்டினேன். பக்கத்து மூடி இனிமே மூடாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அதனால குடல் வெளிய தெரியற மாதிரி அப்படியே விட்டுட்டு, டேபிள் ஃபேனை அது பக்கம் திருப்பி வெச்சேன்.

ஞாயித்துக்கிழமை மூணே முக்கால். தபால்காரர் கைக்கடிகாரத்தோட வந்து முக்காலியில உட்கார்ந்துட்டார். வீடியோவைத் தட்டினேன். விசில். மகள் குதிச்சா. நின்னா.

அதே இடம். அதே அரை முழம்.

நான் அப்படியே இடிஞ்சு போயிட்டேன். அட்டைக்கு மேல காத்தாடி சுத்துது, பச்சை விளக்கு எரியுது, எல்லாம் சரியாத்தான் இருக்கு. மகள் மட்டும் அந்தரத்துல. ஜன்னலை ஒரு தடவை பார்த்துக்கிட்டேன். வெளிச்சம் அழகா விழுந்துட்டிருந்துச்சு. பதினொரு வருஷம். தபால்காரர் கடிகாரத்தைப் பார்த்துட்டு, பத்து நிமிஷம் இருக்கு சார்னு ஆறுதலாத்தான் சொன்னார். எனக்குத் தூக்குத் தண்டனைக் கைதிகிட்ட சொல்ற மாதிரி கேட்டுச்சு.

சம்சாரம் எழுந்து வந்தா. பொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சு பார்த்தா.

"ஏங்க, நேத்து போட்ட அட்டை இதுதானே?"

"ஆமா."

"இதுல கேபிள் மாட்டற ஓட்டை ஒண்ணு சும்மா இருக்கே. உங்க ஸ்கிரீன் கேபிளு மேல பழைய ஓட்டையிலதானே இன்னும் இருக்கு?"

நான் குனிஞ்சு பார்த்தேன். அங்கதான் இருந்துச்சு.

"புது மெஷினை வாங்கி வெச்சுக்கிட்டு, நூலைப் பழைய மெஷின்ல கோத்தா எப்படிங்க தையல் விழும்?"

கேபிளைப் பிடுங்கி அவளே கீழ சொருகினா. திரை ஒரு தடவை கறுத்துச்சு. வெளுத்துச்சு. தட்டினேன்.

விசில். மகள் குதிச்சா. விழுந்தா பாருங்க, விழுந்தா. தண்ணி தெறிச்சுச்சு, ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாத் தெரிஞ்சுச்சு. நான் நாற்காலியை விட்டு எழுந்துட்டேன். தபால்காரர் முக்காலியை விட்டு எழுந்துட்டார். முதல் பாதியில அஞ்சாவதா வர்றா. திரும்பும்போது சுவரை ஒரு உதை உதைச்சா பாருங்க, நாலு. "கையை வீசு, கையை வீசு"ன்னு சம்சாரம் கத்தறா, போன மாசம் நடந்த போட்டிக்கு. மூணு. தபால்காரர் என் தோளைப் பிடிச்சு உலுக்கறார். கடைசி நாலு கை வீச்சுல பக்கத்துல வந்தவளைத் தாண்டி, ரெண்டாவது. ரெண்டாவது! ஹால்ல மூணு பேரும் குதிச்ச குதியில டேபிள் ஃபேன் திரும்பிக்கிச்சு.

மகள் கரையேறி கேமராவைப் பார்த்துச் சிரிச்சா. சம்சாரம் சட்டுனு கண்ணைத் துடைச்சுட்டுத் திரைகிட்ட போனா. "அவ காதுல இருக்கறது என் கம்மல்." ரெண்டு மாசம் முன்னாடி, மகள் வந்துட்டுப் போனப்போ காணாமப் போன கம்மல். ரெண்டு மாசமா நான்தான் பெருக்கும்போது கூட்டிக் கொட்டிட்டேன்னு பேச்சு வாங்கிட்டிருந்தேன். ஹெச்டின்னா ஹெச்டிதாங்க. ஒரே நாள்ல ரெண்டு வழக்குல விடுதலை.

தபால்காரர் எழுந்து நின்னு, எங்கயும் நிக்கல, மூலை கம்ப்யூட்டருக்கேன்னு தீர்ப்பு சொன்னார். சம்சாரம் முகத்துல ஒரு வாட்டமும் இல்ல. சரி, தோத்துட்டேன்னா. இன்னும் பத்து நிமிஷம் அவ சும்மா இருந்திருந்தா மூலை அவளுக்கு. அப்படியும் கேபிளை மாத்திக் கொடுத்திருக்கா. இருபத்திரெண்டு வருஷக் குடும்பத்துல இப்படி ஒரு பாசமான்னு நான் உருகிப்போயிட்டேன்.

மறுநாள் மூணு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஜன்னலோர மூலையில தையல் மெஷின். அதுக்கு நேர் எதிர்ல, அதே மூலைச் சுவத்துல புதுசா ஒரு பலகை அடிச்சு, அதுக்கு மேல என் கம்ப்யூட்டர், குடலெல்லாம் தெரிய. திரையில ஒரு அம்மா கழுத்துப்பட்டி வெட்டறது எப்படின்னு சொல்லிக்கொடுக்கறாங்க. கத்தரிக்கோல் முனை, சாக்பீஸ் கோடு, ஒவ்வொரு நூலும் தெரியுது. என் நாற்காலி வாசப்படி பக்கத்துல.

என்னடி இதுன்னேன்.

"கம்ப்யூட்டர் மூலையிலதானே இருக்கு?"

இருந்துச்சு.

"தையல் பாடம் பார்க்க நல்ல கம்ப்யூட்டர் வேணும்னு ரெண்டு வருஷமாக் கேட்டேன். இருக்கறதே போதும்னீங்க. பந்தயம்னு சொன்னதும் ஆறே நாள்ல அரம் வரைக்கும் எடுத்தீங்க."

நான் பலகையைப் பார்த்தேன். அழகா இழைச்சு, சரியான அளவுல இருந்துச்சு. ஒரே நாள்ல செய்யற வேலை இல்லையேன்னு கீழ்வீட்டுக்குப் போய் தபால்காரரைக் கேட்டேன், லீவு நாள்ல தச்சு வேலை பார்க்கறவர் அவர்தான். அவர் தரையைப் பார்த்துக்கிட்டே, செவ்வாய்க்கிழமையே உங்க வீட்டம்மா அளவு கொடுத்துட்டாங்க சார்ன்னார். செவ்வாய்க்கிழமை நான் தூசிதாங்க ஊதிக்கிட்டிருந்தேன்.

ஆனா ஒண்ணு, நியாயமாப் பேசணும். இப்ப அவ தைக்கறதைப் பார்த்தா எனக்கே பெருமையா இருக்கு. கறுப்புத் துணியில கறுப்பு நூலு, மயிரிழை பிசகறதில்ல. அதுவும் இல்லாம, நான் இல்லாம அந்தக் கம்ப்யூட்டர் ஓடாதுங்க. வீட்டுல எனக்குன்னு ஒரு பொறுப்பு இருக்குன்னா இப்போ அதுதான்.

"ஏங்க."

கேட்டீங்களா, கூப்பிடறா.

"ஏங்க, ஓடிப்போயிட்டே இருக்கு, சீக்கிரம் வாங்க."

வர்றேன்ம்மா. மன்னிச்சுக்கோங்க, போகணும். அவளுக்கு ரெண்டு கையும் துணியில இருக்கும், வீடியோவை நிறுத்தறதுக்கு ஆள் வேணும்ல.