ஏங்க, படம் கிழியுது!

"இனிமே இந்த வீட்ல எது உடைஞ்சாலும் சரி, எது எரிஞ்சாலும் சரி, எது வெடிச்சாலும் சரி, என்னைக் கூப்பிட்டாத்தான் வருவேன். கூப்பிடாம ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டேன். சத்தியம்!"

அப்பா இப்படி முழங்கியபோது அவர் கையில் மிக்ஸியின் மூடி இருந்தது. மிக்ஸி தரையில் இருந்தது. மிக்ஸிக்குள் இருந்தது சுவரில் இருந்தது.

அம்மா சுவரைத் துடைத்துக்கொண்டே, "அப்பாடா!" என்றாள்.

அந்த ஒரு 'அப்பாடா' அப்பாவை உட்கார வைத்துவிட்டது. ஹாலில், நாற்காலியில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. கை வெளியே இருந்தால் எதையாவது கழற்றிவிடும் என்று அவருக்கே பயம்.

அப்பா ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். நாலு மாடிக் கட்டடம். எந்த மாடியில் எது நின்றாலும், "சிஸ்டம் சார்! ஹேங் ஆயிடுச்சு சார்!" என்று அலறுவார்கள். அப்பா படியேறி ஓடுவார். ஒருநாள் நிர்வாகம் யோசித்தது. எல்லாவற்றையும் வேறு ஊரிலிருந்தே கம்பி வழியாகப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தபோது, படியேறி ஓட ஓர் ஆள் எதற்கு? கைகுலுக்கினார்கள். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். இனி நேரத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத மனுஷருக்குக் கடிகாரம்!

அன்று முதல் வீடு நடுங்கியது. லேசாகச் சொட்டிய குழாயை அப்பா பழுது பார்த்தார். அது கொட்டியது. ஃபேன் சத்தம் போட்டது. சரி செய்தார். சத்தம் நின்றது, ஃபேனும் நின்றது. காலிங் பெல்லை அமுக்கினால் சமையலறை விளக்கு மங்கியது. கடைசியில் மிக்ஸி. மிக்ஸிக்குப் பின் சத்தியம்.

சத்தியம் செய்தவர் எதிர்பார்த்தது என்ன? இரண்டே நாளில் வீடு ஸ்தம்பித்து, அம்மா கண்ணீரும் கம்பலையுமாக வந்து, "ஏங்க, நீங்கதான் வரணும்" என்று நிற்பாள் என்று. அம்மாவோ ஸ்டூலில் ஏறித் தானே பல்பை மாட்டினாள். ப்ளக்கைத் தானே முடுக்கினாள். குழாய்க்கு ப்ளம்பர் வந்தார். யாரும் அப்பாவைக் கூப்பிடவில்லை.

அம்மா வீட்டிலேயே தையல். திரைச்சீலை, தலையணை உறை, பள்ளிச் சீருடை. இப்போது வீடு ஓடுவது அந்த மெஷினால்தான் என்று அம்மா சொல்ல மாட்டாள். அப்பாவும் சொல்ல மாட்டார். மெஷின் மட்டும் காலையிலிருந்து டக்கடக்கடக்கவென்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

மழை வேறு விடவில்லை. காயாத துணியெல்லாம் ஹாலில் கொடி கட்டித் தொங்கும். நடுவில் அப்பா. தினமும் ஷேவ் செய்து, சட்டையை உள்ளே விட்டு, அவரும் காயப் போட்ட துணி மாதிரி உட்கார்ந்திருப்பார். பழைய ஐ.டி. கார்டு ஆணியில் தொங்கும். அதன் தூசியை மட்டும் தினமும் துடைப்பார்.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் அவர்களுடைய ஒரே மகள். யார் குரலையும் எடுப்பேன். மெஷினின் குரல், குழாயின் குரல், எதிர்வீட்டு அக்காவின் குரல் எல்லாம் என்னிடம் ஸ்டாக் உண்டு. அதனால் வீட்டில் எனக்கு மைக்செட் என்று பெயர்.

அந்த மாலை நான் ஒரு குரலும் எடுக்கவில்லை. அம்மாவே கத்தினாள்.

"ஏங்க! இங்க வாங்க! படம் கிழியுது!"

அம்மாவுக்கு ஒரு பள்ளியிலிருந்து கோட் தைக்கும் ஆர்டர் வந்திருந்தது. கோட் வெட்டிப் பழக்கமில்லை. தையல் அறையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு டீச்சரம்மா கோட் வெட்டச் சொல்லித்தரும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில்தான் கோளாறு.

அப்பா எழுந்தார். சட்டையைச் சரிசெய்தார். ஆணியில் இருந்த ஐ.டி. கார்டை ஒருமுறை தொட்டுக்கொண்டார். நாலாவது மாடிக்குப் போவது போல அந்தப் பத்தடி தூரத்தைக் கடந்தார்.

"சொல்லுங்க. என்ன பிரச்சனை? எப்போலருந்து இப்படி இருக்கு? கடைசியா என்ன பண்ணீங்க?"

"பண்ணீங்களா? நான் என்ன உங்க மேனேஜரா? இங்க பாருங்க. அந்தம்மா கையை நகர்த்தினா படம் நடுவுல கோடு போட்ட மாதிரி கிழியுது. மேல கை இங்க இருக்கு, கீழ கத்தரி அதுக்குள்ள எங்கயோ போயிடுச்சு. இதைப் பார்த்து நான் வெட்டினா பசங்களுக்கு மூணு கை வச்ச கோட்டுதான்."

அப்பா மானிட்டரை உற்றுப் பார்த்தார். டாக்டர் நாக்கைப் பார்ப்பது போல.

"உள்ள ஒரு கார்டு இருக்கு. அது படத்தை அனுப்பிக்கிட்டே இருக்கும். மானிட்டர் அதை மேலேருந்து கீழ வரைக்கும் வரைஞ்சுக்கிட்டே வரும். பாதி வரையும்போதே அடுத்த படத்தைத் தள்ளிட்டா மேல பாதி பழசு, கீழ பாதி புதுசு. மானிட்டர் வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் கார்டு பொறுமையா இருக்கணும்."

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க என்னைக்குப் பொறுமையா இருந்திருக்கீங்க? உங்க கம்ப்யூட்டர் வேற எப்படி இருக்கும்?"

"டார்ச்சைப் பிடி."

அம்மா டார்ச்சைப் பிடித்தாள். அப்பா பின்பக்கம் போனார். கேபிளைப் பிடுங்கினார், துடைத்தார், செருகினார். தூசியை ஊதினார். அம்மா தும்மினாள். கம்ப்யூட்டரை அணைத்தார், போட்டார். அது முனகிக்கொண்டே விழிக்கும் நேரத்தில் டீ வந்தது. டீயோடு பேச்சும் வந்தது. கோட்டின் காலர் ஏன் படுத்துகிறது, மழை எப்போது விடும், மைக்செட் என்று ஒன்றைப் பெற்றோமே அது எப்போது உருப்படும். அப்பா என்னவோ சொன்னார். அம்மா சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! நான் அதை உடனே பதிவு செய்துகொண்டேன்.

கடைசியில் அப்பா எங்கேயோ எதையோ தட்டினார். "இப்போ ஓட்டிப் பாரு."

டீச்சரம்மாவின் கத்தரி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வழுக்கிக்கொண்டு போனது.

"பரவாயில்லையே!" என்றாள் அம்மா.

அன்று சாப்பாட்டில் அப்பா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

அந்த வாரமே படம் மறுபடி கிழிந்தது. பிறகு மறுபடி. பிறகு மறுபடியும். அம்மா தைத்த துணியைக் கொடுக்க வெளியே போய்விட்டுத் திரும்பினால் போதும், படம் கிழிந்திருக்கும்.

"ஏங்க! படம் கிழியுது!"

"வந்துட்டேன், வந்துட்டேன். டார்ச்சை எடு."

எனக்குச் சந்தேகம் வந்தது. ஒருநாள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். அம்மா இல்லை. ஹால் நாற்காலி காலி. தையல் அறைக்குள் எட்டிப் பார்த்தால், அப்பா. யாரும் கூப்பிடாமல்! கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் செட்டிங்கைத் திறந்தார். அதில் ஒரு சின்னக் கட்டம். கட்டத்துக்குள் ஒரு டிக். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அந்த டிக்கை எடுத்தார்.

இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் நான் மைக்செட்டா? அம்மாவின் குரலை எடுத்தேன்.

"ஏங்க, என்ன பண்றீங்க அங்க?"

அப்பா துள்ளியதில் நாற்காலி உருண்டது, நாற்காலி இடித்ததில் பட்டன் டப்பா கவிழ்ந்தது, டப்பா கவிழ்ந்ததில் அறை முழுக்கப் பட்டன்.

"சனியனே, நீதானா! உயிரே போச்சு."

"அது என்ன டிக்குப்பா?"

"ஒண்ணுமில்ல. டெஸ்ட்டிங்."

"அதை எடுத்தா கிழியும், போட்டா கிழியாது. அவ்வளவுதானே? அப்போ அந்த டார்ச்சு, தூசி, கேபிளு?"

"அது சர்வீஸ்."

"கூப்பிடாம தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"ஸ்க்ரூவைத்தான் தொட மாட்டேன்னேன். இது டிக்."

இருவரும் தரையில் தவழ்ந்து பட்டன் பொறுக்கினோம். மேஜைக்கு அடியிலிருந்து அப்பாவின் குரல் மட்டும் வந்தது.

"முதல் தடவை நிஜமாவே கிழிஞ்சதும்மா. அப்புறம்தான்... ஆபீஸ்லயும் பாதி நேரம் இப்படித்தான். ஸ்விட்சே போடாம, கம்ப்யூட்டர் வேலை செய்யலைன்னு கூப்பிடுவாங்க. ஆனா கூப்பிடுவாங்க." ஒரு பட்டன் டப்பாவில் விழுந்தது. "அம்மாகிட்ட சொல்லிடாதே."

மேஜைக்கு அடியில் குனிந்து தலையாட்டினேன்.

மறுநாள் அம்மாவின் காலில் ஒரு பட்டன் குத்தியது.

"யார்டி பட்டன் டப்பாவைக் கவுத்தது?"

"பூனைம்மா."

"நம்ம வீட்ல பூனையே இல்லையேடி."

"அதான் ஓடிடுச்சே."

அம்மா என்னைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பட்டனை டப்பாவில் போட்டாள்.

வினை எதிர்வீட்டு அக்கா உருவத்தில் வந்தது. தலையணை உறை வாங்க வந்தவள் அப்பா மானிட்டருக்குப் பின்னால் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டாள். அக்கா எதையும் ஒருமுறை சொல்லி நிறுத்த மாட்டாள்.

"கிழியுதா? படமா? படம் கிழியுதா? அடடா, எத்தனை தடவைதான் சார் பார்ப்பாரு, பாவம், எத்தனை தடவை! எங்க தம்பி கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கான்ல, கடை, கம்ப்யூட்டர் கடை! நாளைக்குக் காலையில வரச் சொல்றேன். காலையிலயே!"

அம்மா அப்பாவைக் கேட்டாள். "என்னங்க, வரச் சொல்லட்டுமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேள்வி வரும். வரட்டும் என்றால் தம்பி அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்துவிடுவான். அப்பாவின் கைகள் மெல்லத் தொடைக்கு அடியில் போயின.

"வரட்டுமே. எனக்கென்ன?"

மறுநாள் தம்பி வருவதற்கு முன்பே அப்பா டிக்கைப் போட்டுவிட்டார். தம்பி வந்தான். உட்கார்ந்தான். வீடியோவை ஓட்டினான், செட்டிங்கைத் திறந்தான், விரலால் மேஜையில் தாளம் போட்டான்.

"நல்லாத்தானே இருக்கு? எல்லாம் பக்காவா செட் ஆகியிருக்கே! யார் பண்ணது?"

"நான்தான்," என்றார் அப்பா.

"செம சார்! இந்த டிக் இருக்கிற வரைக்கும் ஜென்மத்துக்கும் கிழியாது!"

"அப்போ இனி இவரைக் கூப்பிட வேண்டி வராதா?" என்றாள் அம்மா.

"வரவே வராதுக்கா!"

அப்பா சிரித்தார். சுவர்க்கடிகாரம் கொடுத்தபோது எடுத்த போட்டோவிலும் அப்படித்தான் சிரித்திருப்பார்.

இனி டிக்கை எடுக்கவும் முடியாது. எடுத்தால் கிழியும். கிழிந்தால் தம்பி வருவான். தம்பி வந்தால் மானம் போகும். தானே பூட்டிக்கொண்ட கதவு.

அதன் பிறகு வீட்டில் மெஷின் மட்டும் பேசியது. கோட்டுகள் வளர்ந்தன. ஹாலில் கைகளும் காலர்களும் தொங்கின. அப்பா சட்டையை உள்ளே விடுவதை நிறுத்தினார். பிறகு ஷேவ் செய்வதை நிறுத்தினார். ஐ.டி. கார்டில் தூசி படிந்தது. நான் எதிர்வீட்டு அக்காவை முழு நீளத்துக்கும் நடித்துக் காட்டினேன். அப்பா, "ம்" என்றார். கடைசி முயற்சியாகத் தையல் அறைக்குள் ஒளிந்துகொண்டு, "ஏங்க! படம் கிழியுது!" என்றேன். அப்பா வாசற்படி வரை வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். "போடி," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அத்தோடு அந்தக் குரலை நான் மூட்டை கட்டிவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம். மழையால் பகலிலேயே விளக்கு. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து நான் ஒரு கோட்டுக்கு ஓரம் மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். உள்ளே மெஷின் நின்றது.

"ஏங்க! படம் கிழியுது!"

அப்பா திரும்பாமலே, "மைக்செட், போதும்," என்றார்.

நான் அவர் முழங்காலைத் தட்டினேன். பார்த்தார். என் வாய் நிறையக் குண்டூசி.

"உங்களைத்தாங்க! காது கேக்கலையா? கிழி கிழின்னு கிழியுது!"

அந்தக் 'காது கேக்கலையா' எனக்கு எந்தக் காலத்திலும் அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. அப்பா எழுந்தார். நின்றார். சட்டையை உள்ளே விட்டார். நான் ஊசிகளோடு பின்னால் ஓடினேன்.

அம்மா மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் இரண்டு டம்ளர் டீ. மானிட்டர் இருட்டாக இருந்தது.

"எங்க கிழியுது?"

"படத்துலதான்."

"மானிட்டரே அணைஞ்சு கிடக்கு!"

"அதுவும் ஒரு கோளாறுதான். பாருங்க."

அப்பா ஸ்விட்சைப் போட்டார். வீடியோவை ஓட்டினார். டீச்சரம்மாவின் கத்தரி எங்கும் தடைபடாமல் துணியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனது. அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கிழியலையேம்மா..."

அம்மா துணிக்குவியலுக்கு அடியிலிருந்து டார்ச்சை எடுத்து, "டிக்கை எடுக்காம எப்படிக் கிழியும்?" என்றாள். "எடுத்துட்டு ஆரம்பிங்க, டீ ஆறுது."