மெல்லிய லேப்டாப்பும் மாமியின் கம்பளிச் சாக்ஸும்

வியன்னா மாநகரில் கட்டடக்கலை பயின்று, நாளை கோபுரங்களை எல்லாம் நிமிர்த்தப்போகிற என் தங்கை மகள் திஜானாவுக்கு, செர்பியாவின் நோவி சாத் நகர் ஐந்தாம் மாடியிலிருந்து மாமா ராதோமிர் டான்யூப் நதி கொள்ளாத அன்போடு எழுதுவது. இங்கே நான் நலம், மாமி நலம், மாமியின் கழுத்து மட்டும் நலமில்லை. அதற்குக் காரணம் நீ.

"மாமா, ஒல்லியா ஒரு லேப்டாப் வாங்கணும், கிராபிக்ஸ் சிப் தனியா வேணுமா?" என்று கேட்டாய் அல்லவா? உடனே கம்ப்யூட்டர் கடைக்குப் படையெடுத்தேன். கடைக்கார வுகாஷின், "பெரியவரே, இந்த ஒல்லி உடம்பு சின்ன சிப்பைத்தான் தாங்கும். பெருசு வெச்சா சூடேறி நொண்டும்" என்றார். சின்ன சிப் உள்ள ஒன்றைச் சோதிக்க இரவல் வாங்கிவந்து, நாம் இருவரும் கம்ப்யூட்டரில் சேர்ந்து ஓட்டும் நம் லாரி விளையாட்டைப் போட்டேன். உள்ளிருந்த விசிறி எழுப்பிய இரைச்சலில் நதிக்கரை வாத்துகள் ஹங்கேரிக்கே குடிபெயர்ந்தன. கழுத்தில் காற்றடித்தால் ஆளே காலி என்பதுதான் நம் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த பாடமாயிற்றே; மாமி அலறினாள்: "ஐயோ, காத்து! கழுத்துல அடிக்குது! ஜன்னலைச் சாத்துங்க!"

"சாத்தித்தான்டி இருக்கு, இது லேப்டாப் காத்து."

"எந்தக் காத்தா இருந்தா என்ன, ஆளைக் கொல்லாம விடாது!"

நான் காபி போட்டுத் திரும்புவதற்குள், காற்று வரும் ஓட்டையில் கம்பளிச் சாக்ஸைத் திணித்துவிட்டாள். லேப்டாப்புக்கு ஜுரம் கண்டது. பெல்கிரேடு சாலையில் என் லாரி, கர்ப்பிணி ஆமைபோல் ஊர்ந்து, செத்தே போனது. அப்படியே கடைக்குத் தூக்கிப்போனேன். வுகாஷின் சாக்ஸை உருவிப் பார்த்தார். "இதுக்குக் காலே இல்லையே பெரியவரே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். காரணத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

ஆகவே என் தீர்ப்பு: வரைபடம் மட்டும் என்றால் தனிச் சிப்பே வேண்டாம். ஆனால் லாரிக்கு வேண்டும், சின்னதே போதும். காடும் மலையும் மங்கலாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும். என் லாரிக் கண்ணாடியில் பின்னால் வரும் உன் மஞ்சள் லாரி தெரிந்தால் சரி. நீ போனதிலிருந்து ஞாயிறுதோறும் தனியாகத்தான் ஓட்டுகிறேன். கண்ணாடியில் வெறும் சாலை. ஆட்ரியாடிக் கடல்வரை போனாலும் வெறும் சாலை.

நம் குலத்தைக் காக்கும் தூய நிக்கோலா உன் கழுத்தையும் காற்றிலிருந்து காக்கட்டும்.

ஐரோப்பாவின் தலைசிறந்த லாரி ஓட்டி,
மாமா ராதோமிர்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. எதையும் வாங்காதே. வாங்கினால் அங்கிருந்தே ஓட்டிவிடுவாய். உன் பழைய பெரிய கம்ப்யூட்டர் இன்னும் என்னுடையதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மாமி தினமும் துடைக்கிறாள். அதன் விசிறியும் இரைகிறதுதான். "அவ வந்து உக்காரட்டும், நான் கழுத்துல துண்டைச் சுத்திக்கறேன்" என்கிறாள்.