நானோ உர மான்மியம்

மூன்றடியால் உலகளந்த பெருமாளே முதலில் குறளுருவாகத்தான் வந்தார். அவரினும் குறுகிய வடிவில் சேரன்மகாதேவியை ஆட்கொள்ள வந்தது எங்கள் ஆய்வு மையத்தின் ‘பசுமை நானோ உரம்’. வேளாண் கழிவைக் கஷாயமாகக் காய்ச்சித் துத்தநாக உப்பைக் கலந்தால் உரம் அவதரிக்கும். மையத்தின் தமிழ்ப் புலவனாகிய நான் அதற்குப் பாதாதிகேசம் பாட முனைந்தேன். அணுவுக்குப் பாதம் எது, கேசம் எது என்பது பூதக்கண்ணாடிக்கும் புலப்படாமையால், காப்புச் செய்யுளோடு நிறுத்திக்கொண்டேன்.

குறை ஒன்றுண்டு. இவ்வூரார் எதையும் கழிவென்று ஒதுக்குவதில்லை. வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. வாழைநார் பூக்கட்டப் போகிறது. வரப்பெல்லாம் சருகு பொறுக்கி ஒரே ஒரு குடம் காய்ச்சினோம். அக்குடத்தை மாவிலை செருகிக் கும்பமாக வைத்து, பதிகம் ஓதி, மாதிரி வயலில் தெளித்தோம்.

கால்வாயில் நீர் குறைவு. ஆயினும் மாதிரி வயலின் மடை மட்டும் அல்லும் பகலும் திறந்திருந்தது. அவதாரத்துக்கு ‘உபசாரம்’ வேண்டாமா?

அடுத்த வயல் இசக்கித்தாயினுடையது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் அவள் வந்து நின்றாள்.

“புலவர் அண்ணாச்சி, எம் மடைய ஏன் அடச்சிட்டிய? பயிரு கருகுதுல்லா!”

இயக்குநர் முனைவர் சுகிர்தா பரிவோடு விளக்கினார்: “அது இப்ப வெறும் வயல் இல்லம்மா. உரம் போடாத ‘ஒப்பீட்டு வயல்’. தண்ணி பாஞ்சா ஒப்பீடு கெட்டுப்போகும்.”

“ஒப்பீடு கெட்டா கெடட்டும். எம் பிள்ளைய கஞ்சிக்கு எங்கன போவும்?”

“அறிவியலுக்கு உங்க பங்குன்னு நெனச்சுக்கோங்க.”

“உங்க மருந்து அம்புட்டு வீரியமுன்னா மருந்த நீங்க வச்சுக்கிடுங்க, தண்ணிய எனக்கு விடுங்க!”

அறிவியல் மனப்பான்மைக்கு இத்துணை இழுக்கை நான் கண்டதில்லை. எனினும் இரக்கம் மேலிட, அவளுக்காக மழை வேண்டி ஒரு பாடல் பாடினேன். மேகங்கள் முழுவதும் கேட்டுவிட்டுக் களக்காட்டுப் பக்கம் போயின.

உரத்தை ஊரறியக் காட்டும் விழா நாளில் மாதிரி வயல் பச்சைப் பட்டு உடுத்தி நின்றது. ஒப்பீட்டு வயலோ காவி தரித்துத் துறவு பூண்டிருந்தது. “வேறுபாட்டைப் பாருங்கள்!” என்றார் சுகிர்தா. கைதட்டல் பொருநை ஆற்றின் அக்கரையிலும் கேட்டது.

மறுநாள் இசக்கித்தாயின் வரப்பில் மையத்தின் லாரி நின்றது. ஒப்பீட்டு வயலில் விளைந்தது ஆய்வின் உடைமையாதலால், கருகிய பயிர் முழுவதும் ‘வேளாண் கழிவு’ என ஏற்றப்பட்டது.

“ஏலே, மாட்டுக்காவது கொஞ்சம் போட்டுட்டுப் போங்கலே!” என்று அவள் லாரியின் பின்னே ஓடினாள்.

இனி நாங்கள் சருகு பொறுக்க வேண்டியதில்லை. தனக்கு வேண்டிய கழிவைத் தானே விளைவித்துக்கொள்ளும் உரம் மூவுலகிலும் வேறுண்டோ?