மாதாவுக்கு நேர்ந்த சடையும் நான் அரைத்த சீயக்காயும்

தலைக்குத் தேய்க்கிற எதையும் நான் நம்புவதில்லை. எண்ணெயோ சோப்போ ஷாம்புவோ, மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துப் பார்ப்பேன். அட்டையில் சிரிக்கிற பெண்ணைப் பார்த்து, இது இந்தப் பெண்ணின் சொந்த முடிதானா என்றும் யோசிப்பேன். பிள்ளைகளா, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களில் சின்னவன் இப்போது ஆசைப்பட்டுச் சடை வளர்க்கிறான். அதற்கென்று குளியலறையில் பாட்டில்கள் வரிசை கட்டி நிற்கின்றன. நான் அவற்றை முறைப்பதைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் அம்மா மட்டும் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறாள். அது ஏன் என்று நானே எழுதிவிடுகிறேன். நான் எழுதினால் கொஞ்சமாவது மானம் மிஞ்சும்.

எனக்கும் ஒரு காலத்தில் சடை இருந்தது. ஆசைப்பட்டு வளர்த்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், தோட்டத்து மோட்டாரைப் போடப் போன என்னைக் கரண்டு தூக்கி வரப்பில் எறிந்தது. பிழைத்துக்கொண்டேன். "எம்புள்ள முடிய ஒனக்கே தாரேன் தாயே" என்று எங்க அம்மா வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். அடுத்த திருவிழாவில் மொட்டை போடும்வரை தலையில் கத்திரி படக்கூடாது.

அம்மா தடுத்தது கத்திரியை மட்டும்தான். சீப்பைத் தடை செய்தது நான். (கரண்டு அடித்ததால் மூளை அப்படி ஆகவில்லை, அதற்கு முன்பும் அப்படித்தான் என்பார் எங்க அக்கா.) தலை சீவினால் சீப்பில் நாலு முடி வருகிறது. அது யாருடைய முடி? மாதாவுடையது. நேர்ந்துவிட்ட பொருளைத் தினமும் பிடுங்கிக் குப்பையில் போட்டால் மாதா என்ன நினைப்பார்? சீப்பைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன். எனக்குச் சுருட்டை முடி வேறு. கொஞ்ச மாதத்தில் தலை முழுக்க விரல் பருமனுக்குச் சடை சடையாகத் திரண்டு காதை மூடித் தொங்கியது. காரைக்குடிச் சந்தைக்குப் போனால் முன்பின் தெரியாதவர்கள் கும்பிட்டுத் திருநீறு கேட்டார்கள். பூசைக்குப் போனால் எங்கள் பங்குச் சாமியார், நான் வேறு எங்கேயோ போகவேண்டியவன் என்பதுபோலப் பார்த்தார்.

இந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா வீட்டிலிருந்து சேதி வந்தது. தேவகோட்டைப் பக்கம் ஒரு வாத்தியாரின் மகள். அவளைத் தேர்த் திருவிழாவில் ஒருமுறை பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு நான் வேறு யாரையும் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சு வாங்க. பட்டாளத்து மாப்பிள்ளை ஒருத்தரும் கேட்டுக்கிட்டிருக்காக, அதுக்குள்ள பேசி முடிவு பண்ணிருவோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் வாத்தியார்.

என் தலையோ நனைந்த கோணிச்சாக்கு போல நாறியது. கழுவியாக வேண்டும். எதைப் போட்டு?

கடைவீதியில் ஷாம்பு பாக்கெட்டுகள் மாலை மாலையாகத் தொங்கின. கடைக்காரரிடம் கேட்டேன்.

"அண்ணே, இதுக்குள்ள என்ன இருக்கு?"

"ஷாம்பு இருக்குப்பா."

"அதான், அந்த ஷாம்புக்குள்ள என்ன இருக்கு?"

"நொரை இருக்கு. வாங்குறியா, இல்ல அங்குட்டு நகர்றியா?"

"நீங்க போட்டுப் பாத்திருக்கீகளா?"

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் காட்டினார். பளபளவென்று வழுக்கை. "நான் எங்குட்டுப் போட?" என்றார். இதைப் போட்டுத்தான் இப்படி ஆகியிருக்கிறார் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. மாதாவின் முடியை அந்தப் பாக்கெட்டை நம்பிக் கொடுப்பதா? கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது சீயக்காய்த் தூள். கடைத் தூளில் மரத்தூள் கலந்திருக்கும். மில்லில் கொடுத்து அரைக்கலாம், சீயக்காய்க்குத் தனி மெஷின் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு முன்னால் அதில் யார் மிளகாய் வற்றல் போட்டார்களோ! கடைசியில், இந்த உலகத்தில் நம்பத் தகுந்த ஒரே ஆளான நானே அரைப்பது என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை காலையில் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்தேன். சீயக்காய், குளிர்ச்சிக்கு முந்தின நாளே ஊறவைத்த வெந்தயம், ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் சோற்றுக் கஞ்சி. ஊறின வெந்தயம் அம்மியில் நிற்காமல் வழுக்கி வழுக்கி ஓடியது.

அக்கா எட்டிப் பார்த்தார். "டேய், வெந்தயம் முழுசு முழுசாக் கெடக்குடா."

"முழுசாக் கெடந்தாத்தான் சத்து."

"வடிகட்டியாவது போடு."

"வடிகட்டுனா சத்து போயிரும்." (அக்கா எதற்கு என் சத்தை வடிகட்டச் சொல்கிறார் என்று அப்போது எனக்கு அவர்மேலும் சந்தேகம்.)

அப்பி, ஊறவைத்து, ரெண்டே சொம்பு தண்ணீரில் அலசினேன். அதிகம் அலசினாலும் சத்து போய்விடுமே. காற்றுப் பட்டாலும் போய்விடும் என்று ஈரத்தோடு துண்டை இறுக்கிக் கட்டினேன். வியாழக்கிழமை தலை அரித்தது. குளிர்ச்சி பற்றவில்லை என்று துண்டை நனைத்துக் கட்டினேன். வெள்ளிக்கிழமை இன்னும் அரித்தது. இன்னும் நனைத்தேன். சனிக்கிழமை தலைக்குள் ஏதோ நகர்வது மாதிரி இருந்தது. பட்டாளத்தான் ஆட்கள் ஏதாவது செய்வினை வைத்திருப்பார்களோ என்றுகூட நினைத்தேன். நான் விவசாயி, பிள்ளைகளா. விதைநெல்லை ஊறவைத்து, ஈரச்சாக்கில் இறுக்கிக் கட்டி, தண்ணீர் தெளித்து முளைகட்டுகிறவன். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா, அக்கா, நான் மூவரும் துண்டுக்கட்டோடு போய் இறங்கினோம். (துண்டுக்கட்டு எனக்கு மட்டும்.) சடையைக் கண்டால் பெண் வீட்டார் மிரண்டுவிடுவார்கள் என்று நான் அதை அவிழ்ப்பதாக இல்லை. வாத்தியார் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலையில என்ன தம்பி?"

"வெயிலுக்குங்க" என்றேன்.

"சளி புடிச்சிருக்கு" என்றார் அம்மா, அதே நேரத்தில்.

"வேண்டுதல்" என்றார் அக்கா.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "தம்பிக்குக் கரண்டு அடிச்சதாக் கேள்விப்பட்டேன். தலையில ஆப்பரேசன் ஏதும் பண்ணியிருக்கீகளா? மறைக்காமச் சொல்லுங்க. பொண்ணக் குடுக்குறவுக நாங்க."

"ஐயோ, அதெல்லாம் இல்லங்க!" என்றோம் மூவரும். இந்தமுறை ஒரே பதில் வந்ததால் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

ஸ்டெல்லா காப்பித் தட்டோடு வந்து நின்றாள். வாத்தியார் எழுந்தார். "நல்ல காரியம் பேசுறதுக்கு முன்னாடி ஒரு ஜெபம் சொல்லிருவோம்."

ஜெபத்தில் ஆம்பளை தலையை மூடிக்கொண்டு நிற்க முடியுமா? அது அவருக்கும் தெரியும்.

"துண்ட எடுங்க தம்பி."

எல்லாரும் கண்ணை மூடட்டும் என்று காத்திருந்து மெதுவாக அவிழ்த்தேன். முதலில் கிளம்பியது புளித்த கஞ்சி வாடை. 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கிய வாத்தியார் பாதியில் இருமினார். யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது என்று நானும் ஜெபித்தேன். ஸ்டெல்லா திறந்துவிட்டாள்.

"அப்பா," என்றாள், "அவுக தலையில கீரை மொளைச்சிருக்கு."

ஜெபம் நின்றது. வாத்தியார் கிட்டே வந்து, என் சடைக்குள்ளிருந்து எதையோ கிள்ளி மோந்து பார்த்தார். வெள்ளைத் தண்டு, நுனியில் வெளிறின பச்சையில் ரெண்டு இலை.

"வெந்தயம்" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நடந்ததைச் சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் சொன்னது இது:

"இது என்னுது இல்லங்க."

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கைநழுவிப் போயிற்று என்று துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். பின்னால் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "அலசவே இல்லையா?"

"ரெண்டு சொம்பு" என்றேன், திரும்பாமல்.

"மாட்டக் கழுவவே பத்தாதே!"

சிரித்தபடியேதான் சொன்னாள். சாயங்காலம் அக்காவிடம் சேதி வந்தது: சம்மதம். ஆனால் வேளாங்கண்ணி போகிறவரை சடையை அவள் சொல்கிறபடி கழுவ வேண்டும். பூந்திக்கொட்டையை ஊறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு சடையாகப் பிழிந்து, தெளிந்த தண்ணீர் வருகிறவரை அலச வேண்டும். வெயிலில் உள்வரை காயாமல் கட்டக்கூடாது. சடையில் எண்ணெயை அப்பக்கூடாது, விரல் நுனியால் மண்டையில் தொட்டு வைத்தால் போதும். அப்படியே செய்தேன். வாடை போயிற்று, அரிப்பும் போயிற்று. மாதாவுக்குச் சுத்தமான முடியைத்தான் கொடுத்தேன். சின்னவனே, உன் பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் எனக்குத் தெரிந்த விஷயம் இவ்வளவுதான்: உள்ளே போனது வெளியே வர வேண்டும், நனைந்தது காய வேண்டும்.

பட்டாளத்தானை விட்டுவிட்டு என்னை ஏன் பிடித்தது என்று கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் அம்மாவிடம் கேட்டேன். "இது என்னுது இல்லன்னு சொன்னீகளே, அப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன். இந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வராது, காலத்துக்கும் நிம்மதியா இருக்கலாம்னு தோணுச்சு" என்றாள்.

அன்று கடைக்காரர், மில்காரர், அக்கா, பட்டாளத்தான் என்று எல்லாரையும் சந்தேகப்பட்டேன். விட்டுப்போன ஒரே ஆள் நான்தான்.

போன வாரம் சின்னவனின் பாட்டில் ஒன்றைக் குளியலறையில் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா குரல் கொடுத்தாள்:

"பயப்படாதீக. அதுல ஒண்ணும் மொளைக்காது."