டேப் சுற்றிய பாறை மீன்

மனைவிக்குப் பயந்தவன் வேறு எதற்கும் பயப்படமாட்டான் என்று சிலர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நான் சிப்பாய்களின் துவக்குக்கும் பயந்தவன், மனைவிக்கும் பயந்தவன். இரண்டும் ஒரே நேரத்தில் எதிரே வந்து நின்றால் எதற்குக் கூடுதலாகப் பயப்படுவேன் என்பது ஒரு பின்னேரம் எனக்குத் தெரியவந்தது.

சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. காலையில் ஒரு இராணுவச் சோதனை, மாலையில் ஒரு சோதனை, இடையில் ஃபைல்கள். நாற்பது வயதில் எனக்கு அறுபது வயதுக் களைப்பு. அதற்குப் பெயர் பிரஷர், கூடவே கொலஸ்ட்ரோலும் இருக்கிறது என்றார் கிளினிக் டொக்டர். (நான் அதைச் சண்டை என்றுதான் நினைத்திருந்தேன்.) "இறைச்சி, முட்டை, பொரியலுகளைக் குறையுங்கோ. இலைவகை, பயறு, பருப்பைக் கூட்டுங்கோ" என்றார். அந்தக் 'குறையுங்கோ' வீட்டுக்கு வந்து சேருவதற்குள் என் மனைவி பவளத்தின் வாயில் 'நிறுத்துங்கோ' ஆகிவிட்டது.

பவளம் நிலாவெளிக்காரி. கரைவலைக் குடும்பம். மீன் இல்லாத சோறு அவளுக்குச் சோறே இல்லை. அப்படிப்பட்டவள், "நீங்கள் தின்னாததை நான் மட்டும் எப்பிடியப்பா தின்னுறது?" என்று தானும் விட்டுவிட்டாள். குசினியில் மீன்சட்டி கவிழ்ந்தது. காலையில் குரக்கன் பிட்டு, மத்தியானம் வல்லாரைச் சம்பலும் முருங்கையிலைச் சுண்டலும், இரவில் அவித்த பயறு. ஆறு மாதத்தில் வளவிலிருந்த முருங்கை மொட்டையாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆடு என்னைப் போட்டிக்காரனாகவே பார்த்தது.

அந்த ஆறு மாதமும் நான் உத்தமனாகத்தான் இருந்தேன், வீட்டில். அலுவலகத்தில் பக்கத்துக் கதிரை காசிம் நானாவுடையது. கிண்ணியாக்காரர். அவர் மனைவி பொரித்து அனுப்பும் பாறை மீனின் மணம் ஃபைல்களைத் தாண்டி வரும். "ஒரு துண்டு எடுங்க தம்பி, பாவமா இருக்கு" என்றார் ஒரு நாள். ஒரு துண்டு மூன்று துண்டானது. என் வல்லாரைச் சம்பலை அவர் சாப்பிட்டார். (அவருடைய பிரஷர் நன்றாகக் குறைந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.)

நான் முதலில் சொன்ன அந்த நாளில், மத்தியானம் எனக்குக் கிளினிக். பவளமும் அங்கே வந்துவிடுவாள். சாப்பாட்டு நேரம் தவறிப்போகுமே என்று காசிம் நானா மூன்று துண்டு மீனைத் தந்தார். மணம் வெளியே வந்தால் கதை முடிந்தது. வாழையிலையில் மடித்து, அதன்மேல் பேப்பர், அதன்மேல் சொப்பிங் பை, கடைசியில் அலுவலகத்தில் பார்சல் ஒட்டும் மண்ணிற டேப்பால் எட்டுச் சுற்று. துளியும் மணக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் சோதனைக்கு நிற்கிறவன் வேறொன்றையும் யோசித்திருக்கவேண்டும். நான் பவளத்தின் மூக்கை மட்டுந்தான் யோசித்தேன்.

கிளினிக்கில் பிரஷர் அப்படியே இருந்தது. டொக்டர் பவளத்தைப் பார்த்தார். "நான்தான் உப்பைக் கூடப் போட்டிட்டன் போல, டொக்டர்" என்று அவள் தலையைக் குனிந்தாள். பை என் மடியில் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் செக் பொயின்ற். பஸ்ஸிலிருந்து இறங்கி ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. என் பையைத் திறந்த சிப்பாய் பொட்டலத்தைக் கண்டதும் கையை வெடுக்கென்று எடுத்தான்.

"இது என்ன?"

பவளம் பெண்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'மீன்' என்றால் அவளுக்குக் கேட்கும்.

"சாப்பாடு" என்றேன்.

"என்ன சாப்பாடு?"

"மரக்கறி."

(எட்டுச் சுற்று டேப்புக்குள் மரக்கறியை யாராவது கட்டுவார்களா?)

விசில் ஊதினார்கள். சனத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நடுவீதியில் நானும் பொட்டலமும் மட்டும். நாலு துவக்கு என்னைப் பார்த்தன. "நீயே திற" என்றான். டேப்பின் நுனியைத் தேடவே எனக்கு நேரம் எடுத்தது. குண்டு என்றபடியால் தயங்குகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். நானோ ஒவ்வொரு சுற்றையும் எவ்வளவு மெதுவாகக் கழற்றலாமோ அவ்வளவு மெதுவாகக் கழற்றினேன்.

கடைசியில் வாழையிலை விரிந்தது. மூன்று துண்டு பாறை மீன், நல்ல முறுகல்.

"சாப்பிடு" என்றான் சிப்பாய். தண்ணீர்ப் போத்தலைக்கூடக் குடித்துக் காட்டச் சொல்லும் காலம் அது.

பவளம் தடுப்பைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "வேண்டாம் ஐயா! அவர் மீன் மச்சம் தொடமாட்டார். ஆறு மாசமா வெறும் இலையும் குழையும்தான். யாரோ மாறி வைச்சிட்டினம். இந்தாங்கோ, கிளினிக் கார்ட்டைப் பாருங்கோ!"

சிப்பாய் கார்ட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "சாப்பிடு."

சாப்பிட்டேன். பயத்திலும் பழக்கம் போகவில்லை. முள்ளை நாக்காலேயே ஒதுக்கிக் கடைவாயால் துப்பினேன். ஆறு மாதம் மீன் தொடாதவன் அப்படித் துப்பமாட்டான் என்பது கரைவலைக்காரன் மகளுக்குத் தெரியாதா? சிப்பாய் சிரித்தான். சனமும் சிரித்தது. பவளம் கார்ட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

வீட்டில் மிச்ச இரண்டு துண்டையும் தன் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, எனக்கு முன்னாலிருந்து முள் மட்டும் மிஞ்சச் சாப்பிட்டாள். எனக்கு வல்லாரை.

"கோவமோப்பா?" என்றேன்.

"கோவமோ? உங்களைச் சுடப்போறாங்கள் எண்டெல்லோ நிண்டனான்." அப்போதுதான் அழுதாள். "இந்த ஊரிலை ஒரு மனிசன் சாகிறதுக்கு எத்தினை வழி கிடக்கு. ஒண்டையும் என்னாலை மறிக்க ஏலாது. இந்தப் பிரஷரை மட்டுமெண்டாலும் குசினிக்குள்ளை நிண்டு மறிக்கலாம் எண்டு நினைச்சனான்."

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. கோப்பையிலிருந்த வல்லாரையை ஒரு இலை விடாமல் சாப்பிட்டு முடித்தேன்.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. பிரஷர் சொல்வழி கேட்கிறது. முருங்கையும் திரும்பத் தழைத்துவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் மகள் பார்சல் அனுப்பினால், நான் கத்தரிக்கோலைத் தேடும்போதே குசினியிலிருந்து குரல் வரும்:

"இஞ்சை வேண்டாமப்பா, நடுறோட்டிலை கொண்டுபோய் வைச்சுத் திறவுங்கோ. நான் கிளினிக் கார்ட்டை எடுத்துக்கொண்டு வாறன்."