மேர் சோபா போடச் சொன்ன இடம்

புதுச்சேரியை ஆண்டவர்கள் எத்தனையோ பேர். ஓட்டும் வாங்காமல், சண்டையும் போடாமல், தனக்குத் தானே பதவி கொடுத்துக்கொண்டு ஒரு தீவையே ஆண்டவர் மட்டும் ஒருத்தர்தான். எங்கள் மேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகராட்சித் தலைவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அசல் மேர்களுக்குக்கூட இவ்வளவு மிடுக்கு இருந்திருக்காது. இத்தனைக்கும் மனுஷன் ரிட்டையரான டவுன் பஸ் கண்டக்டர்.

தீவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். அரியாங்குப்பம் ஆறு கடலில் சேருவதற்குச் சற்று முன்னால், நடு ஆற்றில் ஒரு மண்மேடு. அங்கே கல்யாணப் பந்தல் போட்டால் பந்திக்கு இடமிருக்காது. மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்தவன் நான். ஆனால் ரெட்டியார்பாளையத்திலிருந்து கதிர்காமம் வரை என் ஷாமியானா இல்லாமல் பெரிய கல்யாணம் எதுவும் நடந்ததில்லை. இடத்தை அளக்க எனக்குக் கண்ணே போதும்.

ஊரில் அதற்கு வெறும் 'திட்டு' என்றுதான் பெயர். நடுவே ஒரு பழைய கல்மேடை. அதில் கிழக்கே பார்த்து மாதா உருவம் பதித்த குருசு, மேற்கே பார்த்துக் கன்னியம்மன் கல், இரண்டும் முதுகோடு முதுகாக. கடலுக்குப் போகிற படகு எதுவும் அங்கே நிற்காமல் போகாது. குருசுக்கு மெழுகுவத்தி, அம்மனுக்குக் கற்பூரம். அவசரத்தில் மாற்றிக் கொளுத்தினாலும் இரண்டு சாமிக்கும் கோபம் வந்ததில்லை. மேருக்குத்தான் வரும். கும்பிட வருகிறவர்களை விசிலடித்துத்தான் இறக்குவார்.

"எறங்கறவங்கள வுட்டுட்டு அப்பறம் ஏறுங்கப்பா! மாதா எங்கயும் ஓடிப் போயிடாது! முன்னாடி போ, முன்னாடி போ, எடம் காலியா இருக்கு பாரு!"

முன்னாடி இருப்பது ஆறு.

அந்த ஆறுதான் அவருடைய ஒரே எதிர்க்கட்சி. ஒவ்வொரு மழைக்கும் வடக்குக் கரையில் ஒரு கடி கடித்துக்கொண்டு போகும். கடைசியில் தண்ணீர் மேடைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. இன்னும் ஒரு நல்ல மழை பெய்தால் மாதாவும் கன்னியம்மனும் ஒன்றாகக் கடலுக்குப் போய்விடுவார்கள் என்கிற நிலைமை. மேர் அரசாங்கத்துக்கு மனு எழுதினார். துணைக்கு நானும் போனேன். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தால் ஆபீசில் நாற்காலி கிடைக்கும்.

கிளார்க் மனுவைச் சத்தமாகப் படித்தார். "திட்டுக்கு நிதி வேண்டி..." நிமிர்ந்து பார்த்தார். "ஏன் பெருசு, யாரத் திட்டறதுக்கு நிதி கேக்கறீங்க?"

"திட்டறதுக்கு எதுக்குய்யா நிதி? அத நான் சும்மாவே பண்ணுவேன். ஆரம்பிக்கவா?"

ஆரம்பித்தும் விட்டார். அந்த ஆபீசில் அன்று மதியம் யாரும் தூங்கவில்லை.

பிறகு இஞ்சினியர் ஆய்வுக்கு வந்தார். மேடைக்குப் பண்பாட்டு முக்கியத்துவம் உண்டு என்பதற்கு எழுத்துமூலமான ஆதாரம் கேட்டார்.

"சார், உங்க அப்பா கல்யாணத்துக்குப் போட்டோ இருக்கா?" என்றார் மேர்.

"இல்ல. எதுக்கு?"

"போட்டோ இல்லாமலே நீங்க பொறந்து வந்து நிக்கல? மேடையும் அப்படித்தான் நிக்குது."

எப்படியோ நிதி வந்துவிட்டது. ஊரே வெடி வெடித்தது. திட்டத்தைப் பார்த்தால் முதல் கட்டத்தில் அலங்கார வளைவு, இரண்டாம் கட்டத்தில் செல்பி எடுக்க ஒரு மேடை, மூன்றாம் கட்டத்தில் கரைக்குக் கல்.

"மூணாவது கட்டம் வர்ற வரைக்கும் வளைவ எங்க நிக்க வெப்பீங்க? தோணியிலயா?" என்று மேர் கத்தினார். வரிசையை மாற்ற முடியாது, மேலே கையெழுத்தாகிவிட்டது என்றார் இஞ்சினியர். மழைக்காலமோ பக்கத்தில்.

அடிக்கல் விழாவுக்குப் பந்தல் யார்? நான்தான், வேறு யார் இருக்கிறார்கள்? பெரிய அதிகாரிக்கான சிவப்பு சோபாவைப் படகில் கொண்டுபோய் இறக்கியபோது மேர் பக்கத்தில் வந்தார்.

"தம்பி, சோபாவ வடக்கால போடு. ஓரமா. காத்து நல்லா வரும்."

எந்த மண் தாங்கும், எது தாங்காது என்பதைக் காலால் மிதித்தே சொல்லிவிடுவேன். அன்றும் மிதித்துப் பார்த்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். சோபாவை அங்கேயே போட்டேன்.

பெரிய அதிகாரி உட்கார்ந்தார். மாலை கழுத்தில் விழுந்ததுதான் தாமதம், கரை வழி விட்டது. சோபா கவிழவில்லை, சாயவில்லை. என் சாமானாயிற்றே! அவரை உட்கார்த்தி வைத்தபடியே, லிப்டில் இறங்குவதுபோல மரியாதையாக முழங்கால் தண்ணீரில் இறங்கியது.

பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி மேரின் விசில் பறந்தது. "ஓல்டான், ஓல்டான்! பெரியவர் எறங்கறாரு!"

தண்ணீரில் மாலையோடு நின்றபடி பெரிய அதிகாரி போட்ட முதல் உத்தரவு: "யோவ் இஞ்சினியர்! வளைவும் வேணாம், ஒரு எழவும் வேணாம். மொதல்ல இந்தக் கரையக் கட்டுய்யா!"

மழைக்கு முன்னால் கல் அடுக்கி முடித்துவிட்டார்கள். வளைவு இன்றுவரை காகிதத்தில்தான் வளைந்திருக்கிறது.

கரைக்குப் பின்னாலேயே ஒரு பலகையும் வந்தது. பாதுகாக்கப்பட்ட பகுதியாம். படகுக்காரர்கள் கும்பிட்டுவிட்டுப் போகலாம், மற்றவர்கள் கால் வைக்கக் கூடாது. படகுத்துறையிலேயே முதன்முதலாகத் திருப்பி அனுப்பப்பட்ட ஆள் மேர்தான்.

"ஆர்டர் பெருசு, நான் இன்னா பண்ணட்டும்?" என்றான் வாட்ச்மேன்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "வாங்க மேர், கூட்டம் போட்டுக் கிழிச்சிடலாம். பந்தல் என்னுது!"

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "வுடு தம்பி. ஆளுங்க மிதிச்சா மண்ணு கரையும்னுதான போட்டிருக்காங்க? எனக்கும் ரெண்டு காலு இருக்குதில்ல?" என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார்.

அந்த வருஷம் பேய்மழை பெய்தது. விடிந்ததும், குடோனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆற்றங்கரைக்குப் போனேன். மேர் எனக்கு முன்னாலேயே வந்து, குடைகூட இல்லாமல் நனைந்துகொண்டு நின்றார். ஆறு இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு ஓடியது. நடுவே குருசும் கன்னியம்மனும் அசையாமல்.

"பாத்தியா? ஒரு புடி மண்ணு எறங்கல. நீயும் மனசு கேக்காம திட்டு நிக்குதான்னு பாக்கத்தான ஓடி வந்தே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த மழையில் மனுஷன் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்க்க வந்ததாகச் சொன்னால் தலைக்கு ஏறிவிடும். அதனால் சொல்லவில்லை.