கழிவு பாயின் தராசில் நான்

கம்பம் பள்ளத்தாக்கில் எந்தப் பொருளும் அதன் சொந்த எடையில் இருந்ததில்லை; கழிவு பாய் சொன்ன எடையில்தான் இருந்தது.

கம்பம் திராட்சை மண்டியில் எடை போடுகிறவர் அவர். பெட்டிக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு போக மிச்சத்தைத்தான் வாய்விட்டுச் சொல்வார். அந்தப் பழக்கம் நாளடைவில் மண்டியைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. அறுபதைக் கடந்த மனிதர், வயதைக் கேட்டால் தூங்கின வருசங்களைக் கழித்து நாற்பது என்பார். தேனிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், சின்னமனூரில் டிரைவர் டீ குடிக்கிற நேரத்தைக் கழித்துச் சொல்வார். அதை நம்பிக் கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

மண்டிக்கு எதிரே சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கும் என்னை, மூன்று வருசம் ஆபரேஷனுக்குத் தப்ப வைத்தவரும் அவர்தான்.

எனக்குச் சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சு நிற்கிற வியாதி. எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றார் தேனி டாக்டரம்மா. "வேணுமாங்கிறதுல எனக்குக் குழப்பமில்ல. எப்போன்னு நீங்க முடிவு பண்ணுங்க." அப்படி ஒரு பொறுப்பை என்னிடம் யாரும் விடக்கூடாது. நூற்று முப்பது கிலோவைத் தொட்டால் மறுநாளே போய்ப் படுத்துவிடுவேன் என்று மனைவி செல்வியிடம் வீரமாகச் சத்தியம் செய்தேன். வீட்டு மெஷினோ நூற்றிருபதுக்கு மேல் காட்டாது. ஆகவே மண்டித் தராசு.

ஏறினேன். நூற்று முப்பத்தொன்று. பாய் என் முகத்தைப் பார்த்தார். செருப்பு, சாவிக்கொத்து, செல்போன், காலையில் தின்ற பொங்கல் என்று விரல் மடக்கி, "நாலு கழிவு. நூத்தி இருவத்தேழு. போ மாப்ளே" என்றார். அந்த மகிழ்ச்சியில் நேராகப் போய் நான்கு புரோட்டா சாப்பிட்டேன்.

பிறகு மாதம் ஒருமுறை ஏறுவேன். எடை ஏற ஏறக் கழிவும் ஏறியது. சாரல் காலத்தில் ஈரக் கழிவு. பிள்ளைக்குப் பரீட்சை என்றால் கவலைக் கழிவு இரண்டு கிலோ. நானும் சும்மா இருக்கவில்லை. பூட்டே இல்லாத பழைய சாவிகளையெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன். ரமலானில் பாய் பள்ளிவாசல் கஞ்சி கொண்டுவந்து தருவார். ஒரு நோன்புகூட வைக்காமல் முப்பது நாளும் குடித்தேன். செல்வி கேட்கும்போதெல்லாம், பாயே சொல்லிட்டாக, இன்னும் நூத்தி முப்பது ஆகலையாம் என்று சமாளிப்பேன்.

ஒரு மத்தியானம், லோடு வராத நேரம், பாயின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். யாரோ சட்டையைப் பிடித்து உலுக்கினார்கள். விழித்தால் பாய். முகம் வெளிறியிருந்தது. என்னைத் தராசில் ஏற்றினார்.

"நூத்தி நாப்பத்தொண்ணு."

காத்திருந்தேன். விரல் மடங்கவில்லை.

"கழிவு, பாய்? சாவி இருக்கு. செல்லு இருக்கு."

"கழிவெல்லாம் கெடையாது. ஒன் மொகம் வாடக்கூடாதுன்னு இம்புட்டு நாளும் கழிச்சேன். இப்ப ஒனக்கு மூச்சு நின்னு போச்சு மாப்ளே. அங்கன நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், வரும் வரும்னு. வரல. டாக்டரம்மாவுக்குப் போனப் போடு. இங்கனயே, என் முன்னாடி போடு."

போட்டேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், தேதி வாங்கும்வரை.

மதுரையில் ஆபரேஷன். மயக்க மருந்து கொடுக்க வந்த டாக்டரிடம், இன்றைக்கு அமாவாசையாயிற்றே, தள்ளிப் போடலாமே என்றேன். அது போன வாரமே முடிந்துவிட்டது என்றார். அப்படியென்றால் பௌர்ணமி வரைக்கும் பார்க்கலாமே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனேன். விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள். இதற்கா மூன்று வருசம் நடுங்கினோம் என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. இப்போது நூற்றுக்குக் கீழே வந்துவிட்டேன். சத்தமில்லாமல் தூங்குகிறேன்; சத்தம் வராததால் செல்விதான் எழுந்து எழுந்து பார்க்கிறாள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை பாய் கம்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்தார். எனக்கு மருந்து மூடி அளவுத் தண்ணீரைக் கொடுத்து, மெதுவாக உறிஞ்சச் சொல்லியிருந்தார் நர்ஸ். செல்வி பாய்க்கு டீ வாங்கி வந்தாள். அவர் குடிக்கவில்லை. கிளாஸைக் கையில் பிடித்தபடி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிச் சொட்டும் எனக்குள் இறங்கிய பிறகுதான், ஆடை படிந்து ஆறிப்போன அந்த டீயைக் குடித்தார்.